வாயிற்காவலைச் சோதித்தல்

ஒரு தவறு நடந்த பின்னர் அதனை விளக்குவது எளிது. நடப்பதற்கு முன்னரே அதனைக் கண்டுகொள்ளும் வழியை அமைத்தல் அரிது. கணனி வலையமைப்புக்களைப் பராமரிக்கும் தொழிலில் நெடுங்காலம் ஈடுபட்டு வந்துள்ள எனக்கு இவ்வுண்மை நூல்கள் வாயிலாகத் தெரிந்தேயிருந்தது. ஆயினும் அதனை உள்ளவாறு கற்றுக்கொண்டது 2010 ஆம் ஆண்டு யூன் மாதத்தில், பொசன் போயா விடுமுறை நாளின் மாலைப்பொழுதிலேயாகும். அந்நிகழ்ச்சியையும் அதன் பின்னர் யான் கைக்கொண்ட முறைகளையும் இங்கு எழுத முற்படுவதற்குக் காரணங்கள் இரண்டு. இத்துறையிற் புகவிருக்கும் மாணவர்க்கு அவை பயன்படலாம் என்பது ஒன்று. அன்று ஒருவர்க்கு யான் இழைத்த அநீதியை எழுத்திற் பதிந்து வைத்தல் கடன் என்பது மற்றையது.

பொருளுக்குட் புகுமுன் சில அடிப்படைகளைக் கூறுதல் வேண்டும். ஒரு கட்டடத்திற் பற்றிய தீ அடுத்த கட்டடத்துக்குப் பரவாதவாறு இடையில் எழுப்பப்படும் சுவரைக் குறிக்கும் ‘பயர்வோல்’ என்னும் சொல்லையே கணனியியலார் தமது துறைக்குக் கடன்வாங்கினர். தமிழில் அதனைத் தீச்சுவர் என்கின்றோம். 1988 ஆம் ஆண்டு நவம்பர் 2 ஆந் திகதி, பின்னர் மொரிஸ் புழு எனப் பெயர்பெற்ற நிரல் அன்றைய சிறிய இணையத்திலே பரவி ஆயிரக்கணக்கான கணனிகளை முடக்கியது. ஒருவரையொருவர் நம்பி வாழ்ந்த அச்சிறு சமூகம் தன் வீடுகளுக்குக் கதவு வேண்டும் என உணரத் தொடங்கியமைக்கு அந்நிகழ்ச்சி ஒரு முக்கிய காரணமாயிற்று.

எனினும் சுவர் என்ற உவமை முற்றும் பொருந்துவதன்று. சுவர் எதனையும் விடாது. தீச்சுவரோ பெரும்பாலும் விடுவதற்கென்றே இருப்பது. அதனை வாயிற்காவலனுக்கு ஒப்பிடுதலே தகும். வலையமைப்பிற் செல்லும் செய்திகள் யாவும் சிறு பொதிகளாகப் பிரிக்கப்பட்டே செல்கின்றன. ஒவ்வொரு பொதியின் தலைப்பிலும் அது எங்கிருந்து வருகின்றது, எங்கே செல்கின்றது, எந்தத் துறை இலக்கத்தை நாடுகின்றது என்பன எழுதப்பட்டிருக்கும். இணையப் பக்கங்களுக்கு 80, அஞ்சலை ஏற்கும் சேவையகத்துக்கு 25, தொலைவிலிருந்து மறைகுறியீட்டுடன் கணனியை இயக்கும் எஸ்எஸ்எச் இணைப்புக்கு 22 என இவ்விலக்கங்கள் வகுக்கப்பட்டுள்ளன. காவலன் தன் கையிலுள்ள விதித்தாளோடு ஒவ்வொரு பொதியையும் ஒப்புநோக்கி விடுவான் அல்லது தடுப்பான். அவனுக்குச் சுயபுத்தி கிடையாது. தாளில் எழுதியிருப்பதையே, எழுதியிருக்கும் ஒழுங்கிலேயே செய்வான். ஆகவே தாளை எழுதியவனின் பிழை காவலனின் பிழையாக வெளிப்படும்.

யான் பணியாற்றிய பீடத்தின் வாயிலிலே ஓப்பின்பிஎஸ்டி என்னும் இயங்குதளத்தில் அமைந்த பீஎப் என்ற தீச்சுவர் இருந்தது. கனடாவின் கல்கரி நகரில் வாழும் தியோ டி ராட் என்பார் தலைமை தாங்கும் இயங்குதளம் அது. அதிலே முன்பிருந்த வடிகட்டி, உரிமம் பற்றிய பிணக்கின் காரணமாக 2001 ஆம் ஆண்டில் அகற்றப்படவே, டானியல் ஹார்ட்மையர் என்பார் பீஎப்பினைப் புதிதாக எழுதினார். அவ்வாண்டு டிசெம்பரில் வெளிவந்த 3.0 ஆம் பதிப்பில் அது இடம்பெற்றது. அவ்வியங்குதளத்தின் புதிய பதிப்பு ஏறத்தாழ ஆறு மாதத்துக்கொருமுறை வெளிவருகின்றது. பழைய பதிப்புக்கான பாதுகாப்புத் திருத்தங்கள் ஓராண்டளவில் நின்றுவிடுமாதலின், மேம்படுத்தாது காலங்கடத்தல் இயலாது.

2010 ஆம் ஆண்டு மே மாதம் 19 ஆந் திகதி 4.7 ஆம் பதிப்பு வெளிவந்தது. அதிலே ஒரு பெரும் மாற்றம் செய்யப்பட்டிருந்தது. உள்ளேயுள்ள பல கணனிகள் ஒரே பொது முகவரியைப் பகிர்ந்துகொண்டு வெளியே செல்வதற்கு முகவரி மாற்றம் என்னும் உத்தி பயன்படுகின்றது. அதற்கான விதிகள் அதுவரை தனிச்சொல் ஒன்றினால் தொடங்கி, வடிகட்டும் விதிகளுக்கு முன்னே தனிப்பகுதியாக நின்றன. புதிய பதிப்பிலோ முகவரி மாற்றம் வடிகட்டும் விதிகளோடு கலந்து, அவற்றின் ஓர் உறுப்பாக எழுதப்படவேண்டியதாயிற்று. பழைய சொற்கள் செல்லுபடியற்றுப் போயின. இது மறைக்கப்பட்ட செய்தியன்று. பதிப்போடு வெளியிடப்பட்ட மேம்படுத்தற் குறிப்புக்களில் தெளிவாக எழுதப்பட்டிருந்தது. யான் அக்குறிப்புக்களின் முற்பகுதியை வாசித்தேன். பிற்பகுதியை வாசித்ததாக எண்ணிக்கொண்டேன்.

ஆயினும் சோதனை எதுவும் செய்யாமலே துணிந்து இறங்கினேன் என எவரும் எண்ணவேண்டா. விதிகளை ஏற்றும் கட்டளையோடு ஓர் ஒற்றையெழுத்துக் குறியைச் சேர்ப்பின், அது விதிக்கோப்பை முற்றாக வாசித்துப் பிழை பார்க்கும். ஆனால் விதிகளை ஏற்றாது. பிழை காணின் கூறும். காணாவிடின் ஒன்றும் கூறாது. அன்று பிற்பகல் அதனைச் செய்தேன். கணனி ஒன்றும் கூறவில்லை. அம்மௌனத்தைச் சம்மதத்தின் அறிகுறியாகக் கொண்டேன்.

ஆனால் அச்சோதனையைச் செய்தது எது? மேம்படுத்தப்படாதிருந்த 4.6 ஆம் பதிப்பு. பழைய பதிப்பு பழைய விதிகளைச் சரியென்று கூறுவதில் வியப்பென்ன? ஒரு நூற்றாண்டின் வழக்கைக் கொண்டு எழுதிய வாக்கியத்தை, அந்நூற்றாண்டின் இலக்கணத்தையே கொண்டு ஆராய்ந்து, அடுத்த நூற்றாண்டுக்கும் அது பிழையற்றதெனச் சான்றிதழ் வழங்கியவன் போலானேன். சோதனை உண்மையாகவே நடந்தது. அதன் விடையும் சரியானதே. கேட்ட வினாவே பிழையானது.

மாலை ஆறு மணியளவில் மேம்படுத்தல் முடிந்து கணனி மீளத் தொடங்கியது. விடுமுறை நாளெனினும் இறுதியாண்டு மாணவர்க்காகக் கணனி ஆய்வுகூடம் திறந்திருந்தது. சில நிமிடங்களிலே மாணவர் வந்து இணையம் இல்லை என்றனர். அவருள் ஒரு மாணவி வெளிநாட்டுப் புலமைப்பரிசிலொன்றுக்கான விண்ணப்பத்தை அன்று நள்ளிரவுக்கு முன் அனுப்பவேண்டியவராக இருந்தார். என் அறையிலிருந்து தீச்சுவர்க் கணனியோடு எஸ்எஸ்எச் மூலம் தொடர்புகொண்டு பார்த்தேன். தடையின்றி உள்ளே செல்ல முடிந்தது. உடனே ஒரு முடிவுக்கு வந்தேன்: கணனி உயிரோடுள்ளது, காவலனும் கடமையில் உள்ளான், ஆதலின் பிழை கம்பியிலேயே இருத்தல் வேண்டும்.

அம்முடிவுக்கு ஏற்றாற்போல் ஒரு மனிதரும் அருகிலிருந்தார். அன்று பிற்பகல் இணைப்புக் கம்பிகளை ஒழுங்குபடுத்தியவர் எமது தொழினுட்ப உத்தியோகத்தராகிய இளைஞர். அவரது நியமனம் தற்காலிகமானது. ஆறு மாதத்துக்கொருமுறை பிறர் எழுதும் அறிக்கையைக் கொண்டு புதுப்பிக்கப்படுவது. மாணவர் சூழ்ந்து நிற்கையில், விடுமுறை நாளிற் கம்பிகளில் ஏன் கைவைத்தீர் எனச் சற்று உரத்த குரலிலேயே அவரைக் கேட்டேன். அவர் மறுமொழி கூறவில்லை. தொலைபேசியில் விசாரித்த துறைத்தலைவரிடமும் இணைப்புக் கம்பிக் கோளாறு என்றே கூறினேன்.

அரைமணி நேரம் கழிந்தது. எல்லாக் கம்பிகளையும் ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டிய அவ்விளைஞர், பின்னர் எவரும் சொல்லாமலே ஒரு பழைய திரையைத் தூக்கிவந்து தீச்சுவர்க் கணனியோடு பொருத்தினார். சற்று நேரம் அதனை உற்றுப் பார்த்திருந்து, கதவருகே வந்து கூப்பிட்டார்.

“சேர், வயரில பிழையில்லை. இதில ஒரு வரி நிக்குது. வாசிக்கட்டோ?”

“வாசியும் தம்பி.”

விதிக்கோப்பின் பதினான்காம் வரியிலே தொடரமைப்புப் பிழை, விதிகள் ஏற்றப்படவில்லை. இதுவே அவ்வரியின் பொருள். பதினான்காம் வரி முகவரி மாற்ற விதி.

அப்பொழுதுதான் என்னை ஏமாற்றிய குறிப்பின் தன்மை விளங்கிற்று. அவ்வியங்குதளம் தொடங்கும்பொழுது, உரிய விதிகள் ஏற்றப்படும்வரை, ஒரு சிறு தற்காப்பு விதித்தொகுதியைத் தானே ஏற்றிக்கொள்கின்றது. ஏறக்குறைய யாவற்றையும் தடுத்து, பராமரிப்பவன் உள்ளே வருவதற்கென எஸ்எஸ்எச் வாயிலை மட்டும் அது திறந்து வைக்கும். எமது விதிக்கோப்புப் பிழைபட்டமையால் அத்தற்காப்பு விதிகளே நிலைத்துவிட்டன. யான் உள்ளே செல்ல முடிந்தமை காவல் சரியாக இருந்தமைக்குச் சான்றன்று. காவல் சிதைந்தமைக்கு அதுவே சான்று. உள்ளே சென்ற யான் நடைமுறையிலுள்ள விதிகளைக் காட்டும் ஒரு கட்டளையை இட்டிருந்தால் ஒரு நிமிடத்திலே உண்மை தெரிந்திருக்கும். ஆனால் முடிவுக்கு வந்துவிட்ட மனம் சான்று தேடுவதில்லை.

பிழை தெரிந்த பின்னரும் யான் சரியாக நடந்துகொள்ளவில்லை. பதினான்காம் வரியைத் திருத்தினால் அடுத்த வரி பிழை என்றது. அதனைத் திருத்தினால் அதற்கடுத்தது. நேரம் ஒன்பதை நெருங்கியது. மாணவி கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார். முழுக்கோப்பையும் ஒதுக்கி வைத்துவிட்டு இரண்டே வரிகளை எழுதினேன். ஒன்று முகவரி மாற்றம். மற்றையது எதனையும் விடுக என்னும் கட்டளை. இணையம் வந்தது. விண்ணப்பம் சென்றது. மாணவர் நன்றி கூறினர். நாளை காலை மிகுதியைத் திருத்துவேன் என எண்ணிக்கொண்டு வீடு சென்றேன். மறுநாள் சனிக்கிழமை, வேறொரு கடமை குறுக்கிட்டது. முறைப்பாடு எதுவும் வராமையால் அவசரமும் தோன்றவில்லை.

திங்கட்கிழமை காலை அத்தொழினுட்ப உத்தியோகத்தர் எனது அறைக்குள் வந்து கதவைச் சாத்தினார். பொது முகவரி கொண்ட எமது இரு சேவையகங்களின் பதிவுக்கோப்புக்களில் ஒன்றை அச்சிட்டுக் கொண்டுவந்திருந்தார். வெள்ளிக்கிழமை இரவு முதல், முன்பின் அறியாத முகவரிகளிலிருந்து, கடவுச்சொல்லை ஊகித்து உள்நுழைய முயன்ற முயற்சிகள் பக்கம் பக்கமாகப் பதிவாகியிருந்தன. எந்த முயற்சியும் வெற்றி பெற்றதாகப் பதிவில்லை. அது எமது நல்லூழ், எமது திறமையன்று.

“மற்றாக்களுக்கு இன்னும் சொல்லேல்ல, சேர்” என்றார்.

தீச்சுவரைச் சோதிப்போர் யாவரும் நெஞ்சிற் பதிக்கவேண்டிய உண்மை ஒன்றை அன்று உணர்ந்தேன். காவலன் தவறாகத் தடுத்தால் ஐந்து நிமிடத்துள் முறைப்பாடு வரும். தவறாக விட்டால் ஒருவரும் முறையிடார். உள்ளே வந்த கள்வன் கதவு திறந்திருந்ததெனத் தெரிவிக்கப்போவதில்லை. ஆதலின் பயனாளரின் அமைதியைச் சோதனையின் வெற்றியாகக் கொள்ளுதல் எத்துறையிற் பொருந்தினும் இத்துறையிற் பொருந்தாது. அவ்வமைதி நல்ல காவலுக்கும் அறிகுறி. காவலே இன்மைக்கும் அறிகுறி.

அவர் பிறர்க்குச் சொல்லாதிருந்த செய்தியை யான் எழுதவேண்டியவனானேன். அன்றே துறைத்தலைவர்க்கு ஒரு கடிதம் எழுதினேன். கம்பியிற் கோளாறு இருக்கவில்லை என்பதையும், பிழை எனது கோப்பில் இருந்தது என்பதையும், அதனைக் கண்டுபிடித்தவர் யார் என்பதையும், இரண்டு நாளும் மூன்று இரவும் வாயில் திறந்து கிடந்தது என்பதையும் அதிற் குறிப்பிட்டேன். ஒரு பக்கத்துக்குட் கூறக்கூடிய அக்கடிதத்தை எழுதி முடிக்க முற்பகல் முழுவதும் சென்றது. பிற்பகலில் ஆய்வுகூடத்துக்குச் சென்று, வெள்ளிக்கிழமை நின்ற மாணவர் சிலர் இருக்கையிலேயே அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். “பரவாயில்லை, சேர்” என்று கூறிவிட்டு அவர் தன் வேலையைத் தொடர்ந்தார். பரவாயில்லை என்னும் அச்சொல் எவ்வளவு பெரிய கொடை என்பதை, அதனைப் பெறத் தகுதியற்ற வேளையிற் பெற்றவர் அறிவர்.

அதன் பின்னர் நாங்கள் இருவருமாக ஒரு முறையை வகுத்தோம். அதன் கூறுகள் எளியவை.

முதலாவதாக, கழித்து ஒதுக்கப்பட்ட பழைய கணனி ஒன்றில் இரண்டு வலையமைப்பு அட்டைகளைப் பொருத்தி, வரவிருக்கும் பதிப்பை அதில் நிறுவினோம். விதிக்கோப்பை அக்கணனியில் வைத்து, புதிய பதிப்பின் கட்டளையைக் கொண்டே பிழை பார்த்தோம். பழைய அளவுகோல் புதிய பொருளை அளவாது என்பதே இதன் தத்துவம்.

இரண்டாவதாக, தொடரமைப்புச் சரியாயிருத்தல் பொருள் சரியாயிருத்தலாகாது என்பதை ஏற்றுக்கொண்டோம். பீஎப்பில் ஒரு பொதிக்குப் பொருந்தும் விதிகள் பல இருப்பின் இறுதியாகப் பொருந்துவதே வெல்லும். உடனே முடிவெடுக்குமாறு குறித்த விதி மட்டும் இதற்கு விலக்கு. வேறு சில தீச்சுவர்களில் முதலிற் பொருந்துவதே வெல்லும். ஆகவே எழுத்துப்பிழை ஒன்றுமின்றி, வரியொன்று இடம்மாறுவதனாலேயே காவல் தலைகீழாகலாம். இதனைக் காண ஒரே வழி பொதிகளை உண்மையில் அனுப்பிப் பார்த்தலாகும். ஒரு தாளை நடுவே கோடிட்டு, இடப்பக்கத்திற் கடக்கவேண்டியவற்றையும் வலப்பக்கத்திற் கடக்கக்கூடாதவற்றையும் எழுதத் தொடங்கினோம். இடப்பக்கம் பதினொரு வரிகள் விரைவில் நிரம்பின. வலப்பக்கம் நெடுநேரம் வெறுமையாக இருந்தது. எதனை விடவேண்டும் என்பதை யாவரும் எமக்குச் சொல்லியிருந்தனர். எதனைத் தடுக்கவேண்டும் என்பதை எவரும் எம்மிடம் கேட்டதில்லை. அவ்வலப்பக்கத்தை நிரப்பியதே எமது பீடத்தின் முதலாவது பாதுகாப்புக் கொள்கை எனலாம். சோதனைக் கணனியின் இருபுறமும் மடிக்கணனிகளை வைத்து, துறைகளைத் துருவும் என்மாப் என்னும் கருவியைக் கொண்டு இரு பக்கங்களையும் சரிபார்த்தோம்.

மூன்றாவதாக, ஏற்கெனவே திறந்திருக்கும் இணைப்பைச் சான்றாகக் கொள்வதை விட்டோம். ஒருமுறை அனுமதிக்கப்பட்ட இணைப்பைக் காவலன் தன் நிலைப்பட்டியலிற் குறித்து வைத்திருப்பான். விதிகள் மாறிய பின்னரும் அதன் பொதிகளை அப்பட்டியலைப் பார்த்தே விடுவான். தன் பழைய இணைப்பு அறாதிருப்பதைக் கண்டு புதிய விதி நன்றென நம்பி, அதனை மூடிய பின்னர் மீண்டும் நுழைய முடியாது தவித்தோர் பலர். எனவே புதிய இணைப்பைத் திறந்தே சோதித்தல் வேண்டும். இயலுமாயின் அப்பட்டியலையே வெறுமையாக்கிச் சோதித்தல் வேண்டும்.

நான்காவதாக, திரும்பிவரும் வழியை முதலில் அமைத்தோம். புதிய விதிகளை ஏற்றுமுன், ஐந்து நிமிடங்களிற் பழைய விதிகளை மீள ஏற்றுமாறு கணனிக்குக் கட்டளையிட்டுவிடுவோம். யாவும் நன்றாயின் அக்கட்டளையை நாமே நீக்குவோம். நாம் வெளியே பூட்டப்பட்டால் கணனியே எமக்குக் கதவு திறக்கும். சில வணிக வழிப்படுத்திகளில் இவ்வசதி உள்ளமைந்தே வருகின்றது. யூனிப்பரின் இயங்குதளத்திலே உறுதிப்படுத்தப்படாத மாற்றம், வேறு காலம் குறிக்காவிடின் பத்து நிமிடங்களிற் பின்வாங்கப்படும்.

இறுதியாக, கணனியை ஒருமுறை நிறுத்தித் தொடங்கினோம். நினைவகத்தில் ஓடும் விதிகளும் வட்டிலுள்ள கோப்பும் ஒன்றே என்பதற்கு அதுவே சான்று. விதிகளில் முகவரிக்குப் பதிலாகப் பெயர் எழுதப்பட்டிருந்தால், தொடங்கும் வேளையில் அப்பெயரைத் தேடித்தரும் சேவை கிடையாமற் கோப்பு முழுவதுமே ஏறாமற் போகலாம். பகலில் நூறுமுறை சரியாக ஏறிய கோப்பு மின்வெட்டுக்குப் பின் ஏறாமைக்கு இத்தகைய காரணங்களே பெரும்பாலும் உள.

2014 ஆம் ஆண்டு 5.5 ஆம் பதிப்பிலே போக்குவரத்தை வரிசைப்படுத்தும் முறை புதிதாக எழுதப்பட்டு, 5.6 ஆம் பதிப்பிலே பழைய முறை அகற்றப்பட்டது. எமது கோப்பு மீண்டும் செல்லாததாயிற்று. ஆனால் இம்முறை அது எமது மேசைமேலுள்ள பழைய கணனியிலே செல்லாததாயிற்று. பீடத்தில் ஒருவரும் அதனை அறியார்.

இவை சிறிய நிறுவனமொன்றின் கவலைகள் எனக் கருதுதல் தவறாகும். கிளவுட்பிளேயர் நிறுவனம் 2019 ஆம் ஆண்டு யூலை 2 ஆந் திகதி தனது இணையத் தீச்சுவரில் ஒரு புதிய விதியை உலகெங்குமுள்ள கணனிகளுக்கு ஒருங்கே அனுப்பியது. எதனையும் தடுக்காமல் வெறுமனே பார்த்திருக்கும் சோதனை நிலையிலேயே அது அனுப்பப்பட்டது. ஆயினும் அவ்விதியின் கோலத்தை ஒப்பிடும் வேலையே கணனிகளின் ஆற்றல் முழுவதையும் உறிஞ்சிவிட, ஏறத்தாழ 27 நிமிடங்கள் எண்ணற்ற இணையத்தளங்கள் செயலிழந்தன. கனடாவின் றொஜேர்ஸ் நிறுவனம், ஏழு கட்டங்கள் கொண்ட மேம்பாட்டின் ஆறாவது கட்டத்தில், 2022 ஆம் ஆண்டு யூலை 8 ஆந் திகதி, வழிப்படுத்திகளிலிருந்த ஒரு வடிகட்டும் விதியை நீக்கியது. தகவல் வெள்ளம் மையக் கருவிகளை மூழ்கடித்தது. ஒரு கோடியே இருபது இலட்சத்துக்கு மேற்பட்டோர் சேவையிழந்தனர். பழுதுபார்க்கவேண்டிய பொறியியலாளரும் அதே வலையமைப்பையே நம்பியிருந்தமையால் கருவிகளை அணுக இயலாது தவித்தனர். முந்திய கட்டங்கள் நன்கு நிறைவேறியமையால் அக்கட்டத்தின் ஆபத்து உயர்ந்த நிலையிலிருந்து தாழ்ந்த நிலைக்கு மாற்றி மதிப்பிடப்பட்டிருந்ததென்பது பின்னர் நடந்த ஆய்வில் வெளிவந்தது. ஐந்துமுறை பிழைக்காதது ஆறாம்முறையும் பிழையாது என்பது அனுமானம், சோதனையன்று.

சோதனை என்பது கருவிகளைப் பற்றியது என்றே பலரும் எண்ணுகின்றனர். எனது அனுபவத்தில் அது முதலிற் சோதிப்பவனைப் பற்றியது. அன்று மாலை எனது கோப்பைப் போலவே எனது முடிவும் சோதிக்கப்படாததாக இருந்தது. கோப்புப் பிழைபட்டதால் மாணவர் மூன்று மணி நேரம் இணையமின்றி இருந்தனர். முடிவு பிழைபட்டதால் குற்றமற்ற ஒருவர் பலர் முன்னிலையில் தலைகுனிந்து நின்றார். முன்னதை மீள ஏற்றப் பழைய படி ஒன்று இருந்தது. பின்னதற்கு அத்தகைய படி இல்லை.

நடுவே கோடிட்ட அத்தாளின் முதற்படி இன்றும் என்னிடம் உள்ளது. வலப்பக்கத்தின் முதல் வரி அவ்விளைஞரின் கையெழுத்தில் உள்ளது. அதனடியில் யான் பின்னர் ஒரு வரியைச் சேர்த்தேன்: கம்பியைக் குறைகூறுமுன் கோப்பைப் பார்.